ஒரே வீட்டில் நாலு விதச் சட்டம்: குடியுரிமை இல்லாத குடும்பம் எந்த வழியில் போகலாம்?

வேலூரிலிருந்து பெங்களூர் சாலையில் போனால் மேல்மொணவூர் வரும். இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் அங்கே இருக்கிறது. 2021 நவம்பர் 2 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அங்கு வந்து, தமிழ்நாடு முழுக்க உள்ள முகாம்களுக்கான புது வீடுகளுக்கு அடிக்கல் நாட்டினார். 2023 செப்டம்பர் 17 அன்று அதே மேல்மொணவூரில் வைத்து, கட்டி முடித்த 1,591 வீடுகளைத் திறந்தார். அகதி முகாம் என்ற பெயரும் அதற்குள் மறுவாழ்வு முகாம் என்று மாறிவிட்டது. இதெல்லாம் நல்ல காரியம்தான். ஆனால் அந்த வீடுகளுக்குள் இருப்பவர்கள் எந்த நாட்டின் குடிமக்கள் என்ற கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. நாற்பது வருஷமாக வரவில்லை.

முகாமில் பழகுகிற யாரிடமும் இந்தப் பேச்சு வந்துவிடும். இந்தியக் குடியுரிமைக்கு எழுதிப் போடலாமா? பிள்ளைகளின் பிறப்பைச் சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதியலாமா? ஊருக்கே திரும்பிவிடலாமா? இல்லை, இப்படியே இருந்துவிடலாமா? பெரும்பாலும் குடும்பத் தலைவர் ஒரு முடிவு எடுப்பார், மொத்தக் குடும்பமும் அதன் பின்னால் போகும். அங்கேதான் கோளாறு. குடியுரிமைச் சட்டம் குடும்பத்தைப் பார்ப்பதில்லை. ஒவ்வொருவரும் பிறந்த தேதி, பிறந்த இடம், அன்றைக்குத் தாய் தகப்பனுக்கு என்ன காகிதம் இருந்தது, இந்த மூன்றைத்தான் பார்க்கிறது. ஆகவே முடிவும் ஆளுக்கு ஆள் தனியாகத்தான் எடுக்க வேண்டும்.

எனக்குப் பழக்கமான ஒரு குடும்பத்தைச் சொல்கிறேன். தாத்தா இலங்கையில் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். 1948இல் இலங்கை கொண்டுவந்த 18ஆம் எண் குடியுரிமைச் சட்டம் இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்குப் போனவர்களின் வம்சமான மலையகத் தமிழரில் சுமார் 7 லட்சம் பேரை நாடற்றவர்களாக ஆக்கியது. அவரும் அதில் ஒருவர். 1977 கலவரத்துக்குப் பிறகு வவுனியாவில் காடு வெட்டிக் குடியேறினார். 1983க்குப் பிறகு அங்கிருந்தும் கிளம்பிப் படகில் ராமேஸ்வரம் வந்தார். மகன் இலங்கையில் பிறந்தவர். மகள் 1986இல் தமிழ்நாட்டில் ஓர் அரசு ஆஸ்பத்திரியில் பிறந்தவர். பேரன் 2006இல் வேலூரில் பிறந்தவன். முகாம் அட்டை ஒன்றுதான். சட்டத்தின் கண்ணில் நாலு பேரும் நாலு இடத்தில் நிற்கிறார்கள்.

முதலில் அந்த மகள். 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பாலேயே இந்தியக் குடிமகன் என்கிறது 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு. தூதரக அதிகாரிகளின் பிள்ளைகளுக்கும் எதிரி நாட்டார் பிள்ளைகளுக்கும் விதிவிலக்கு உண்டு. அகதிகளின் பிள்ளைகளுக்கு அப்படி எதுவும் இல்லை. 1986இல் மண்டபம் முகாமில் பிறந்து திருச்சி கொட்டப்பட்டு முகாமில் வாழ்ந்த ஒரு பெண்ணுக்கு பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி 2022இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது இந்த அடிப்படையில்தான். 2024 நாடாளுமன்றத் தேர்தலில் அவர் ஓட்டும் போட்டார்.

ஆகவே இந்தத் தேதிக்குள் பிறந்தவர்கள் குடியுரிமை கேட்டு விண்ணப்பிக்க வேண்டிய அவசியமே இல்லை. இருக்கிறது என்று காட்டினால் போதும். அதற்குப் பிறப்புச் சான்றிதழ்தான் உயிர். பெயர் ஏறாத சான்றிதழ், தகப்பன் பெயரில் ஓர் எழுத்து மாறிய சான்றிதழ், இதையெல்லாம் முதலில் சரி செய்துகொள்ளுங்கள். இன்னொன்று, இதை அழுத்திச் சொல்கிறேன்: வீட்டில் எல்லாருக்கும் செய்கிறோமே என்று இவர்களையும் சேர்த்து இலங்கைக் குடியுரிமைக்குப் பதிந்துவிடாதீர்கள். தானாக விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிக்கொண்டால் இந்தியக் குடியுரிமை போய்விடும் என்று 9ஆம் பிரிவு சொல்கிறது. கையில் இருப்பதே தெரியாமல் கைநழுவ விடுகிற நிலை அது.

1987 ஜூலை 1 முதல் 2004 டிசம்பர் 2 வரை இங்கே பிறந்தவர்களுக்கு, தாய் தகப்பனில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருந்தால் போதும். உள்ளூர்ப் பெண்ணைக் கட்டிய முகாம் பையன்களின் பிள்ளைகள் பலர் இதில் வருவார்கள். 2004 டிசம்பர் 3 முதல் பிறந்தவர்களுக்குச் சட்டம் இன்னும் இறுகிவிட்டது. ஒருவர் இந்தியராக இருந்தாலும் மற்றவர் சட்டவிரோதமாகக் குடியேறியவராக இருக்கக் கூடாது. பாஸ்போர்ட் இல்லாமல் படகில் வந்த எவரையும் சட்டம் அந்தப் பெயரில்தான் அழைக்கிறது. குண்டுவீச்சுக்குத் தப்பி வந்தவரையும் அப்படித்தான் அழைக்கிறது. அந்தப் பேரனுக்குத் தாயும் தகப்பனும் முகாம்காரர்களே. வேலூரில் பிறந்து, வேலூரிலேயே பள்ளிக்கூடம் போய், வேறு ஊரே பார்க்காதவன் அவன். ஆனாலும் இந்தியன் இல்லை.

அடுத்து, அதிகம் பேர் யோசிக்காத ஒரு வழி. பாட்டியின் தகரப் பெட்டியைத் திறந்து பாருங்கள். 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தில் 9,75,000 நாடற்றவர்களில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதாக முடிவானது. மிச்சம் 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அந்தக் கணக்கில் இந்தியக் குடியுரிமை கிடைத்து, இந்திய பாஸ்போர்ட்டும் வாங்கிவிட்டு, புறப்பட முடியாமல் இருந்துபோனவர்கள் ஏராளம். 1984இல் தலைமன்னார் – ராமேஸ்வரம் கப்பல் நின்றுவிட்டது. பிறகு அவர்களில் பலர் அகதிகளோடு அகதியாகப் படகில் வந்து, அகதி என்றே பதிவானார்கள்.

அப்படி ஒரு பழைய பாஸ்போர்ட்டோ, கண்டியில் இருந்த இந்திய அலுவலகம் கொடுத்த காகிதமோ கிடைத்தால், மடிப்பில் கிழிந்திருந்தாலும் சரி, ஸ்டாம்பு மங்கியிருந்தாலும் சரி, அது பெரிய ஆதாரம். தகப்பன் இந்தியராகப் பதிவான பிறகு, 1992 டிசம்பர் 10க்கு முன் இலங்கையில் பிறந்த பிள்ளை, வம்சாவளியால் இந்தியக் குடிமகன் என்று வாதிட 4ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. இது வக்கீல் உட்கார்ந்து பார்க்க வேண்டிய வேலை. லேமினேட் செய்கிறேன் என்று பழைய காகிதத்தைக் கெடுத்துவிடாதீர்கள். நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து, மூலத்தைத் தனியாக வையுங்கள்.

இந்த இரண்டிலும் அடங்காதவர்கள்தான் பெரும்பாலோர். அவர்களுக்கு இந்தியக் குடியுரிமை வேண்டுமென்றால் 5ஆம் பிரிவின்படி பதிவு, அல்லது 6ஆம் பிரிவின்படி இயல்புரிமை. பதிவுக்கு 7 வருஷம் இங்கே வாழ்ந்திருக்க வேண்டும், இயல்புரிமைக்கு மொத்தம் 12 வருஷம். வருஷக் கணக்குப் பார்த்தால் முகாமில் ஏறக்குறைய எல்லாருக்குமே தகுதி உண்டு. தடை வேறு இடத்தில் இருக்கிறது. சட்டவிரோதமாகக் குடியேறியவருக்கு இரண்டு பிரிவும் கிடையாது என்று 2003ஆம் ஆண்டுத் திருத்தம் கதவைச் சாத்திவிட்டது.

மலையகத்தாருக்கு இன்னொரு முட்டுக்கட்டையும் இருக்கிறது. இந்திய வம்சாவளி என்றால் விண்ணப்பிப்பவரோ அவருடைய தாய் தகப்பனில் ஒருவரோ பிரிக்கப்படாத இந்தியாவில் பிறந்திருக்க வேண்டும் என்கிறது 5ஆம் பிரிவின் விளக்கம். பாட்டன் பூட்டன் வட ஆற்காட்டுக் கிராமத்திலிருந்து தோட்டத்துக்கு ஆள் சேர்த்த கங்காணியின் பின்னால் கப்பலேறியிருந்தால், இரண்டு தலைமுறை தோட்டத்திலேயே பிறந்திருக்கும். அப்போது அந்த விளக்கத்துக்குள் வர முடியாது. குலதெய்வத்தின் பேர் தெரியும், பங்காளிகள் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்பதும் தெரியும். சட்டத்துக்கு அது போதவில்லை.

பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த ஆறு மதத்தாருக்கு, சட்டவிரோதமாகக் குடியேறியவர் என்ற தடையை 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் நீக்கியது. இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. ஏன் இல்லை என்பதற்கு எந்த நியாயமும் எனக்குப் புலப்படவில்லை. அதே 2019இல், ஜூன் மாதம், நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் மதுரைக் கிளையில் 65 மலையகத் தமிழர் தொடுத்த வழக்கில் தீர்ப்பு சொன்னார். அவர்கள் இந்திய வம்சாவளியினர், நாடற்றவர்களாக வைத்திருப்பது வாழ்வுரிமைக்கு விரோதம், விதியைத் தளர்த்துகிற அதிகாரம் மத்திய அரசுக்கு உண்டு, புது மனுக்களை வாங்கி 16 வாரத்தில் முடிவெடுங்கள் என்றார். 2022இல், 1993இல் திருச்சியில் பிறந்த ஒரு பெண்ணின் வழக்கிலும் அவர் மனுவை மத்திய அரசுக்கு அனுப்பச் சொன்னதோடு, 2019 திருத்தத்தின் அடிப்படைக் கொள்கை இலங்கைத் தமிழருக்கும் பொருந்தும் என்றார். 1986இல் பிறந்தவருக்கு பாஸ்போர்ட் கிடைத்ததையும் இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இருக்கிற குடியுரிமையை நீதிமன்றம் உறுதி செய்துவிடும். இல்லாததைத் தரச் சொல்லி அரசிடம் அனுப்பத்தான் அதால் முடியும்.

அப்படியானால் விண்ணப்பிப்பது வீண் வேலையா? மலையகக் குடும்பங்களுக்கு வீண் இல்லை என்பது என் உறுதியான கருத்து. மனு போட்டு, அதற்கு அத்தாட்சி வாங்கி வைத்தவருக்குத்தான் நாளைக்கு நீதிமன்றத்தில் நிற்க ஓர் இடம் இருக்கும். மனுவே போடாதவருக்கு எந்த முடிவை எதிர்த்து வழக்குப் போடுவது? பத்து வருஷம் ஆனாலும் பைல் உயிரோடு இருக்கட்டும்.

வடக்கு கிழக்கிலிருந்து வந்தவர்களின் கணக்கு வேறு. யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலைக்காரர்கள் அகதிகள்தான், நாடற்றவர்கள் இல்லை. அவர்களுக்கு இலங்கைக் குடியுரிமை பிறந்ததிலிருந்தே இருக்கிறது. ஆனால் இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு, துணைத் தூதரகத்தில் பிறப்பைப் பதிந்தால்தான் அது வந்து சேரும். பதியாமல் விட்டால், இந்தியாவும் இல்லை இலங்கையும் இல்லை என்று அந்தப் பிள்ளை உண்மையிலேயே நாடற்றதாகிவிடும். 2003க்குப் பிறகு தாய் வழியாகவும் இலங்கைக் குடியுரிமை வரும் என்பதால், தகப்பன் உள்ளூர்க்காரர் என்றாலும் வழி உண்டு.

"பதிந்தால் பிடித்துத் திருப்பி அனுப்பிவிடுவார்களோ" என்ற பயத்தை நிறைய தாய்மாரிடம் பார்க்கிறேன். பதிவது வேறு, திரும்பிப் போவது வேறு. பதிந்த பிள்ளை முகாமிலேயே இருக்கலாம், இங்கேயே படிக்கலாம். நாளைக்கு இந்தியக் குடியுரிமை கேட்கும்போது விண்ணப்பத்தோடு சொந்த நாட்டு பாஸ்போர்ட் நகலும் தங்கும் அனுமதியும் கேட்பார்கள். அப்போதும் இந்தக் காகிதம் உதவும். ஆகவே வடக்கு கிழக்குக் குடும்பங்களில், 1987 ஜூன் 30க்குப் பிறகு பிறந்து, தாய் தகப்பனில் யாரும் இந்தியராக இல்லாத பிள்ளைகள் அத்தனை பேருக்கும் இதைச் செய்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன். தாமதப் பதிவுக்கு வேலை கூடுதல். பெற்றோரின் இலங்கைப் பிறப்புச் சான்றிதழ், கல்யாணப் பதிவு, முகாம் பதிவு எல்லாம் வேண்டும். கல்யாணத்தைப் பதியாதவர்கள் அதை முதலில் முடியுங்கள்.

மலையகத்தாருக்கும் இலங்கைக் குடியுரிமைக்கு வழி இருக்கிறது. 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் குடியுரிமை தந்தது 2003ஆம் ஆண்டின் 35ஆம் எண் சட்டம். போரால் இந்தியாவில் தங்க நேர்ந்தவர்களையும் 2009 திருத்தம் அதற்குள் கொண்டுவந்தது. நல்ல சட்டம்தான். ஆனால் இவர்கள் இந்தியாவிடம் வைக்கிற வாதத்தின் முதுகெலும்பே, "எங்களுக்கு எந்த நாடும் இல்லை" என்பது. இலங்கைக் காகிதத்தை வாங்கிவிட்டால் அந்த வாதம் தளர்ந்துவிடும். திரும்பிப் போகிற எண்ணம் உள்ளவர்கள் வாங்கலாம். இங்கேயே இருக்கப் போகிறவர்கள் அவசரப்பட வேண்டாம். தோட்ட லயன் வீடும் போய், வவுனியாவில் வெட்டிய காணியும் போய், அங்கே எதுவுமே மிஞ்சாதவர்கள்தான் இவர்களில் அதிகம். இந்தத் தராசில் எந்தப் பக்கம் இறங்குகிறது என்று அந்தந்த வீட்டார் உட்கார்ந்து பேசித்தான் முடிவெடுக்க வேண்டும்.

திரும்பிப் போவதைப் பற்றிக் கொஞ்சம். ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் சென்னை அலுவலகம் விரும்பிப் போகிறவர்களுக்கு விமான டிக்கெட்டோடு உதவி வந்திருக்கிறது. ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் 1984இல் எஸ்.சி. சந்திரகாசன் தொடங்கியது. 1948 சட்டத்தை எதிர்த்து நின்ற இலங்கைத் தமிழ்த் தலைவர் செல்வநாயகத்தின் மகன் அவர். காகித வேலைகளில் அந்தக் கழகத்தின் கை நீண்டகாலமாக இருக்கிறது. சொந்தக் காணியும் உறவும் அங்கே இருக்கிறவர்களுக்குத் திரும்புவது நியாயமான யோசனை. ஆனால் 2025 மே மாதம், இங்கிருந்து முறைப்படி திரும்பி யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்தில் இறங்கிய முதியவர் ஒருவரை, முன்பு பாஸ்போர்ட் இல்லாமல் நாட்டைவிட்டுப் போனதற்காகக் கைது செய்தார்கள். உயிருக்குப் பயந்து ஓடியவர் பாஸ்போர்ட் ஆபீஸில் வரிசையில் நிற்க முடியுமா? டிக்கெட் எடுக்கும் முன், இந்த விஷயத்தில் இப்போது என்ன நடைமுறை என்று துணைத் தூதரகத்தில் எழுத்து மூலமாகக் கேளுங்கள். பிளஸ் டூ படிக்கும் பிள்ளை இருந்தால் அந்த வருஷத்தை முடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

மூன்றாம் நாடு என்று ஏஜென்ட் சொன்னால் கேட்காதீர்கள். 2013 ஜூலை 19க்குப் பிறகு படகில் வந்த யாரையும் ஆஸ்திரேலியா குடியேற விடுவதில்லை.

இப்படியே இருந்துவிடுவதும் ஒரு வழிதான், நிறைய பேர் அதில்தான் இருக்கிறார்கள். குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500, மற்றப் பெரியவர்களுக்கு 1,000, பிள்ளைகளுக்கு 500 ரூபாய் என்று 2021இல் உதவித்தொகை உயர்ந்தது. ரேஷன் உண்டு, ஆதார் உண்டு, பெயிண்டிங் வேலை உண்டு. 2025 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய குடிவரவு, வெளிநாட்டினர் சட்டத்தின் கீழ், 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழரை, பாஸ்போர்ட் விசா இல்லாததற்கான தண்டனையிலிருந்து விலக்கியிருக்கிறார்கள். அது பெரிய நிம்மதி. ஆனால் தண்டனை இல்லை என்பது குடியுரிமை ஆகிவிடாது. அரசு வேலை இல்லை, பாஸ்போர்ட் இல்லை, ஓட்டு இல்லை. மாவட்டம் தாண்டி வேலைக்குப் போய்விட்டு, முகாமில் ஆள் கணக்கெடுக்கும் நாளுக்குள் ஓடி வர வேண்டும். பட்டம் வாங்கிய பிள்ளைகள் சுவருக்கு பிரைமர் அடித்துக்கொண்டிருப்பதைப் பார்க்கிற யாருக்கும் இது போதும் என்று சொல்ல வாய் வராது.

இந்த இடத்தில் குறுக்கு வழி ஆசை காட்டும். வெளியே ஒரு முகவரி பிடித்து வாக்காளர் அட்டை, அதை வைத்து பாஸ்போர்ட். வேண்டவே வேண்டாம். பிடிபட்டால் வழக்கு, வழக்கு வந்தால் குடியுரிமை மனுவும் அதோடு போச்சு. பள்ளி மாற்றுச் சான்றிதழையும் பாருங்கள். நாட்டினம் என்ற இடத்தில் வழக்கம்போல இந்தியன் என்று எழுதிவிடுவார்கள். ஒரு காகிதத்தில் இந்தியன், இன்னொன்றில் இலங்கை அகதி என்றிருந்தால் பின்னாடி இரண்டையும் சந்தேகிப்பார்கள்.

போராடுகிறவர்களுக்கும் தேர்வு செய்ய வேண்டியது இருக்கிறது. இரட்டைக் குடியுரிமை என்பது பல வருஷக் கோரிக்கை. இந்திய அரசியல் சட்டம் இன்றைக்கு அதற்கு இடம் தரவில்லை, ஆகவே அதைப் பிடித்துக்கொண்டு நின்றால் இன்னும் ஒரு தலைமுறை முகாமிலேயே கழியும் என்று அஞ்சுகிறேன். இந்திய வம்சாவளிக்கான விளக்கத்தில் பாட்டன் பாட்டியையும் சேர்க்க ஒரு வரித் திருத்தம், 2015 வரை பதிவானவர்கள் சட்டவிரோதக் குடியேறிகள் அல்லர் என்று இன்னொரு வரி. இந்த இரண்டையும் விடாமல் கேட்பது பலன் தரும். நாடற்றோர் பற்றிய 1954, 1961 ஐ.நா. உடன்படிக்கைகளில் இந்தியா கையெழுத்திடவில்லை, ஆகவே வெளியிலிருந்து நெருக்கடி வரும் என்று காத்திருப்பதிலும் பயனில்லை.

இதில் ஓட்டு உள்ள வேலூர்க்காரர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. தகவல் உரிமைச் சட்டத்தில் கேள்வி கேட்கிற உரிமை குடிமக்களுக்கு மட்டும்தான். முகாமில் இருப்பவர் தன் மனு எங்கே கிடக்கிறது என்று அந்தச் சட்டத்தில் கேட்க முடியாது. நாம் கேட்கலாம்: இந்த மாவட்டத்திலிருந்து எத்தனை குடியுரிமை மனுக்கள் மேலே போயின, எத்தனை எந்த மேசையில் நிற்கின்றன? பத்து ரூபாய்க் கட்டணம்தான். பதிலை எடுத்துக்கொண்டு நாடாளுமன்ற உறுப்பினரைப் பார்க்கலாம்.

வக்கீலுக்குப் பணமில்லை என்று ஒதுங்கவும் வேண்டாம். 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு இனக் கலவரத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கும், பெண்களுக்கும், பிள்ளைகளுக்கும் இலவச உதவி தருகிறது. குடிமகனாக இருக்க வேண்டும் என்று அதில் இல்லை. சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட ஆணைக்குழுவுக்குப் போகும்போது, வீட்டில் ஆளுக்கு ஒரு தாள் எழுதிக்கொண்டு போங்கள்: பிறந்த தேதி, பிறந்த இடம், தாய் தகப்பன் பிறந்த இடம், இந்தியாவில் இறங்கிய தேதி, கையில் உள்ள காகிதங்கள். பக்கத்திலேயே கலெக்டர் ஆபீஸ். அங்கே மனு கொடுத்தால், உங்கள் நகலில் முத்திரையும் தேதியும் விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் நகருங்கள்.